விபத்தில்லாத வருடத்துக் குக்கர்

ஹுன்னஸ்கிரிய
05.02.2026

என் அன்பு அகீலாவுக்கு,

பிரேமிளா எழுதுகிறேன். எந்தப் பிரேமிளா என்று கேட்டாயானால் நேரே வந்து காதைத் திருகுவேன். கட்டிங் பகுதியில் இத்தனை வருடம் உன் பக்கத்து மேசையில் நின்றவள், உன் சோற்றுப் பெட்டிக் கத்தரிக்காயைப் பிடுங்கித் தின்றே உடம்பு வளர்த்தவள்.

நம் கார்மன்ட் தொழிற்சாலையை மூடின அன்று கேட்டுக்கு வெளியே நின்று கட்டிப்பிடித்து அழுதோம். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு தகவல் உண்டா? போன் நம்பரையும் மாற்றிவிட்டாய். போன வாரம் கட்டுகஸ்தோட்டைச் சந்தையில் பட்டன் பகுதி றமீலாவைக் கண்டேன். அவள்தான் உன் விலாசம் தந்தாள். கலகெதரயில் உன் அண்ணன் நளீர் நானா வீட்டில் இருக்கிறாயாம், வேறு கார்மன்ட்டில் நல்ல வேலையும் கிடைத்ததாம். கேட்டதும் சந்தோஷம். என்னிடம் சொல்லவில்லையே என்று வயிற்றெரிச்சலும் கூடவே வந்தது, அதை ஏன் மறைக்க?

நாங்கள் வாடகை வீட்டை விட்டுவிட்டு மாமா, அதுதான் கணேசின் அப்பா, இருக்கும் தோட்டத்து லயத்துக்கே வந்துவிட்டோம். இங்கே போன் எடுக்காது. கோயில் மேட்டுக்கு ஏறினால் ஒரு கோடு, இறங்கினால் அதுவும் இல்லை. கணேஸ் மரக்கறித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறார். மகள் நிலூஷா இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டும். கம்பனி தந்த அந்தக் குக்கரில்தான் இன்னமும் பருப்பு வேகிறது. விபத்தில்லாத வருடத்துக்குப் பரிசு என்று எல்லோருக்கும் தந்தார்களே, அதே குக்கர். மூடியைத் திருகிப் பூட்ட என் வலது கை வராது. கணேசோ பிள்ளையோ வந்து பூட்டும்வரை பருப்பு காத்துக் கிடக்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வேலை போனவர்களுக்கு அரசாங்கம் உதவி கொடுக்கிறது அல்லவா, கண்டியில் அவர்களுடைய கந்தோரில் போய்ப் பதிந்தேன். மாதக் கொடுப்பனவு வேண்டுமானால் தையல் வகுப்புக்குப் போக வேண்டும், உடம்பில் குறையில்லாத எல்லோரும் போயே ஆக வேண்டும் என்றார்கள். வேலைத்தளத்தில் காயப்பட்டவர்களுக்கு மட்டும் வகுப்பு கிடையாது, அவர்களுக்குத் தனிக் கொடுப்பனவு. நான் கையைக் காட்டினேன். இரண்டு விரலும் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நிற்பதை எல்லோரும்தான் பார்த்தார்கள். ஆஸ்பத்திரி டாக்டரும் பார்த்துவிட்டு, நரம்பு வெட்டுப்பட்ட பழைய காயம், இனி மடங்காது என்று எழுதித் தந்தார். எந்த இடத்தில் வெட்டுப்பட்டது என்று அவர் எப்படி எழுதுவார்? "பார்த்தவங்க நூறு பேர் சொன்னாலும் செல்லாது, அங்க பாதுகாப்புப் பொறுப்புல இருந்து புத்தகம் எழுதினவங்க சொல்லணும்" என்கிறார்கள்.

கையில் பச்சைப் பட்டி கட்டிக்கொண்டு அந்தப் புத்தகத்தை எழுதியது நீ. ஒரு சத்தியக்கடதாசி எழுதி அனுப்பு, என் தங்கமே. சித்திரை வருடப் பிறப்புக்குள் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் நான் குறையில்லாதவள் என்று முடிவு செய்து கோப்பை மூடிவிடுவார்களாம்.

உன் வீட்டுக்காரர் பஹ்மி அண்ணனையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

உன்
பிரேமிளா


கலகெதர
16.02.2026

அன்புப் பிரேமிக்கு,

உன் கடிதத்தைத் தபால்காரர் தந்தபோது விலாசத்தைப் பார்த்துவிட்டு யாரோ சின்னப் பிள்ளை எழுதியது என்று நினைத்தேன். எழுத்தெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து விழுந்து கிடக்கிறது. பிரித்துப் படித்த பிறகுதான் விளங்கியது, நீ இடது கையால் எழுதியிருக்கிறாய். குசினிக்குள் போய் நின்று நன்றாக அழுதுவிட்டு வந்துதான் மிச்சத்தைப் படித்தேன்.

நம்பரை வேண்டுமென்று மாற்றவில்லை, அல்லாஹ் சாட்சி. கார்த்திகை மழையில் மண் சரிந்து இவருடைய கடை போய்விட்டது. சாமானோடு என் போனும் மண்ணுக்குள். அன்றிலிருந்து இவர் வீட்டில்தான் இருக்கிறார். ஒரு கதிரையை வாசலில் போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். நளீர் நானா தங்கமானவர், ஒரு வார்த்தை சொல்லமாட்டார். ஆனால் மதினி அரிசி போடும்போது முகம் ஒரு மாதிரி இருக்கும். எங்கள் பிள்ளை ஸாகி ஒரு கோப்பை பால் கேட்டால்கூட நான் மதினி முகத்தைப் பார்க்கிறேன்.

எனக்கு வேலை கிடைத்தது உண்மைதான். குருநாகல் ரோட்டில் ஒரு கார்மன்ட். பாதுகாப்பு மேற்பார்வையாளராம். எனக்கென்று ஒரு மேசை, சுவரில் என் படம், பிள்ளைகள் எல்லாம் 'மிஸ், மிஸ்' என்று கூப்பிடுகிறார்கள். என்னை மிஸ் என்று கூப்பிடுவதைக் கேட்டால் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய்.

நாளை மறுநாள் நோன்பு தொடங்கும் போலிருக்கிறது. நிலூஷாவுக்கு ஒரு சல்வார் துணி இதோடு வைத்திருக்கிறேன். நம் கார்மன்ட் வெட்டுத் துணி இல்லை, பயப்படாதே, கடையில் வாங்கியது.

நீ கேட்ட விஷயம். கொஞ்சம் பொறு பிரேமி, யோசிக்க வேண்டியிருக்கிறது. அன்றைக்கு உன் கையைத் தைத்த டிஸ்பென்சரி டாக்டரிடம் கேட்டுப் பார்த்தாயா? அவர் ஒரு துண்டு எழுதித் தந்தால் அதுவே போதுமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

மாமாவுக்கு என் சலாம்.

அன்புடன்
அகீலா


ஹுன்னஸ்கிரிய
01.03.2026

அன்பு அகீலாவுக்கு,

துணி வந்தது. நிலூஷா அதைத் தோளில் போட்டுக்கொண்டு லயம் முழுக்கக் காட்டிவிட்டு வந்தாள். நோன்பு காலத்தில் உன்னைக் கரைச்சல் படுத்துகிறேன், மன்னித்துக்கொள்.

டிஸ்பென்சரிக்குப் போனேன். அந்த இடத்தில் இப்போது போனுக்கு உறை விற்கிறார்கள். டாக்டர் அவுஸ்திரேலியாவில் மகனோடு இருக்கிறாராம். கந்தோர் மிஸ்ஸே நம் பழைய கம்பனியின் சாமான்களுக்குப் பொறுப்பாக இருப்பவர்களிடம் கேட்டு, நோய் அறைப் புத்தகத்தின் பிரதியை எடுப்பித்தார். அந்தத் தேதியில் என் பெயருக்கு நேரே உன் கையெழுத்தில் 'காய்ச்சல்' என்று இருக்கிறது. மிஸ் என்னைப் பார்த்தார். "நங்கி, காய்ச்சல் வந்தா விரல் மடங்காமப் போகுமா?" என்று தங்கச்சியிடம் கேட்பதுபோல் கேட்டார். அவர் சிங்களத்தில்தான் பேசுவார், நல்ல மனுஷிதான். கேலியாகவும் கேட்கவில்லை. ஆனால் பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விட மாட்டேனா என்று இருந்தது.

காய்ச்சல் என்று எழுதச் சொன்னது யார் என்று நீ கேட்கலாம். நான்தான். அதை ஒருநாளும் மறுக்கமாட்டேன். துணி வெட்டும் பட்டை வாள், துணியோடு என் விரலையும் இழுத்துக்கொண்டு போனது. இரும்புக் கையுறை எங்கே இருந்தது? அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. வெள்ளைக்காரர்கள் ஒடிட்டு என்று பார்வையிட வரும்போது மட்டும்தானே அது வெளியே வரும். நீ ஓடிவந்து உன் முந்தானைச் சீலையால் என் கையைச் சுற்றினாய். ஆம்புலன்ஸ், கண்டி ஆஸ்பத்திரி என்று கத்தினாய். நான்தான் உன் தோளைப் பிடித்துக்கொண்டு, "காய்ச்சல்னு எழுதிருடி. போர்ட அழிச்சிடாத. எல்லாரும் குக்கர எதிர்பார்த்துக்கிட்டு இருக்காங்க" என்றேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் பொலிஸ் எழுதும், விபத்தில்லாத நாட்கள் என்ற அந்தப் போர்டு மறுபடி பூச்சியத்துக்கு வந்துவிடும், லைன் முழுக்க என்னைச் சபிக்கும் என்று பயந்தேன். எனக்கு முன்னால் கை சுட்டுக்கொண்ட, நகத்தில் ஊசி ஏறிய எல்லோருக்குமே அந்த இடத்தில் காய்ச்சல்தானே வந்தது? மேல்தோலைத் தைத்துவிட்டு அனுப்பினார் அந்த டாக்டர். உள்ளே நரம்பு அறுந்து கிடந்தது அவருக்கும் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை.

கொடுப்பனவுக்காகப் போகிற தையல் வகுப்பு பெரிய கூத்து. ஊசியில் நூல் கோர்க்க எனக்குப் பக்கத்துப் பிள்ளை வேண்டும். துணியைத் தள்ளினால் கோணிக்கொண்டு போகிறது. டீச்சர் என் பெயருக்கு நேரே 'ஒத்துழைப்பில்லை' என்று எழுதியிருக்கிறார். ஒத்துழைக்காதது நானா, என் விரலா?

மிஸ் இரக்கப்பட்டு வேறொரு வழியும் சொன்னார். வீட்டில் நடந்த காயம் என்றால் கிராம சேவகரின் கையெழுத்து மட்டும் போதும், மாற்றுத் திறனாளிகளுக்கான சின்னக் கொடுப்பனவு ஒன்று உடனே கிடைக்குமாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "மிஸ், கார்மன்ட்ல போன விரல வீட்டுல போச்சுன்னு நான் ஏன் சொல்லணும்?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தேன்.

நீ எழுதினால் எல்லாம் சரியாகும். எழுதிவிடு.

பிரேமிளா


கலகெதர
12.03.2026

அன்புப் பிரேமிக்கு,

விடியுமுன் நோன்புச் சஹருக்கு எழும்பினவள் அப்படியே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தொடங்கித் தொடங்கி இரண்டு கடதாசியைக் கிழித்துவிட்டேன்.

எனக்கு இந்த வேலை எப்படிக் கிடைத்தது தெரியுமா? நம் கம்பனி மூடும்போது எல்லோருக்கும் சேவைச் சான்றிதழ் தந்தார்களே. என்னுடையதில், இவருடைய பொறுப்பில் இருந்த பகுதியில் ஒரு விபத்தும் நடந்ததில்லை என்று எழுதியிருந்தது. இங்குள்ள மேனேஜர் அந்த வரியின் கீழே பேனையால் கோடு போட்டுவிட்டு, "இப்படி ஒருத்தரத்தான் தேடிக்கொண்டிருந்தோம்" என்றார். அந்த வரி பொய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. வாசலில் ஒருத்தர் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறார், மதினி அரிசி அளக்கிறா. நான் என்னத்தைச் சொல்ல?

இப்போது நான் சத்தியம் செய்து, அது காய்ச்சல் இல்லை என்று எழுதினால், அந்தக் கடதாசி கந்தோரோடு நிற்காது. உன்னுடைய காய்ச்சல் ஒன்றா, அந்தப் புத்தகம் முழுக்கக் காய்ச்சல். எல்லாம் என் கையெழுத்து. இவர் என்ன சொன்னார் தெரியுமா? "அகீலா, அவக்குச் செய்யணும்தான். ஆனா இந்த வேலையும் போனா நாங்க எங்க போறது? புள்ளைகள யோசிச்சிப் பாரு." அவர் கெட்ட மனிதர் இல்லை, உனக்கே தெரியும். உனக்கு நோன்புக் கஞ்சி தந்தனுப்பியவர் அவர்.

என்னால் முடியாது பிரேமி. இப்போதைக்கு முடியாது. கொஞ்ச நாள் போகட்டும், இவருக்கு ஏதாவது ஒரு வழி பிறக்கட்டும். உன் கையை நினைத்து துஆக் கேட்காத தொழுகை இல்லை. துஆவை வைத்து நீ என்ன செய்வாய் என்றும் எனக்கு விளங்குகிறது.

என்னை வெறுத்துவிடாதே.

அகீலா


ஹுன்னஸ்கிரிய
24.03.2026

மதிப்புக்குரிய பாதுகாப்பு மேற்பார்வையாளர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. பெருநாள் நல்லபடியாக முடிந்திருக்கும் என நம்புகிறேன்.

சல்வார் துணியை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். பிள்ளை இன்னும் தைக்கவில்லை. வீட்டில் தைக்க ஆளில்லை என்பது தங்களுக்குத் தெரியும். அவள் அழுதாள், ஒரு அறை கொடுத்தேன். இடது கையால்தான்.

வகுப்பிலிருந்து என்னை நிறுத்திவிட்டார்கள். கொடுப்பனவும் நின்றுவிட்டது. தங்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன், வேறு ஒன்றும் கேட்கவில்லை. துஆ வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள்.

இனி எழுத மாட்டேன்.

க. பிரேமிளா


கலகெதர
09.04.2026

என் பிரேமிக்கு,

நீ எழுத மாட்டேன் என்றாய். பரவாயில்லை, நான் எழுதுகிறேன். படிக்காமல் அடுப்பில் போட்டுவிடாதே. இதோடு ஒரு கடதாசி இருக்கிறது, அது உனக்கு வேண்டும்.

உன் கடிதம் வந்த அதே வாரம். எங்கள் கட்டிங்கில் கலாராணி என்று ஒரு பிள்ளை, புசல்லாவை ஊர். கலியாணம் பேசி வைத்திருக்கிறார்கள். வாள் அவளுடைய விரலைப் பிடித்துவிட்டது. நான் ஓடினேன். இரத்தம் சொட்டச் சொட்ட அந்தப் பிள்ளை மற்றக் கையால் என் சீலையைப் பிடித்துக்கொண்டு, "மிஸ், காய்ச்சல்னு எழுதிருங்க. போர்ட அழிச்சிராதீங்க. வருசத்துக்கு எல்லாருக்கும் சாமான் குடுக்கப் போறாங்க" என்றாள்.

பிரேமி, உன் வாயிலிருந்து வந்த அதே பேச்சு. அவளுக்கு உன்னைத் தெரியாது, உன் ஊர் தெரியாது. யார் இந்தப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள்? மேனேஜர் வேனைத் தயாராக வைத்துக்கொண்டு, பக்கத்து டிஸ்பென்சரிக்குப் போகலாம் என்று அவசரப்படுத்தினார். நான் வேனில் ஏறி, "நேரே கண்டி ஆஸ்பத்திரி" என்றேன். டிரைவர் மேனேஜரைப் பார்த்தார். "இந்தப் புள்ளட விரல் போனா நீங்க குடுப்பீங்களா?" என்று கத்தினேன். நான் கத்தி நீ எப்போதாவது கேட்டிருக்கிறாயா? வேன் கண்டிக்குத்தான் போனது. ஆஸ்பத்திரிப் பொலிஸ் கேட்டது எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் எழுதினார்கள்.

திரும்பி வந்து புத்தகத்தில், பட்டை வாளில் விரல் வெட்டுப்பட்டது என்று எழுதினேன். பிறகு வாசல் போர்டை என் முந்தானைத் தலைப்பால் அழித்தேன். பிள்ளைகள் எல்லோரும் தையலை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்திகூட என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

மேனேஜர் கூப்பிட்டு, "உங்கட பழைய இடத்தில இப்படி ஒன்றும் நடந்ததே இல்லையே, இங்க வந்து மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்டார். நடந்தது என்றேன். எல்லாவற்றையும் காய்ச்சல் என்று எழுதினேன் என்றேன். அவ்வளவுதான். சுவரிலிருந்து என் படத்தைக் கழற்றி என் கையிலேயே தந்து அனுப்பினார்கள்.

இவர் முதலில் ஏசினார். பிறகு கதிரையைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு வெளியே போனார். இப்போது சந்தையில் ஒருவருக்கு மூட்டை இறக்கிக் கொடுக்கிறார்.

நேற்று சமாதான நீதவானிடம் போய்ச் சத்தியக்கடதாசி முடித்தேன். உன் கை எப்போது, எப்படி வெட்டுப்பட்டது, நான் ஏன் காய்ச்சல் என்று எழுதினேன் என்பது எல்லாம் அதில் இருக்கிறது. நீ எழுதச் சொன்னாய் என்பதை மட்டும் எழுதவில்லை. அசலைப் பதிவுத் தபாலில் கந்தோர் மிஸ்ஸுக்கே அனுப்பிவிட்டேன். உனக்குப் பிரதி இதோடு. வருடப் பிறப்புக்குள் போய்ச் சேர்ந்துவிடும்.

துணியைத் தைத்து இதோடு வைத்திருக்கிறேன். நிலூஷாவின் அளவு குத்துமதிப்பாகத்தான். கொஞ்சம் தளர்வாக இருக்கும்.

உன்
அகீலா


ஹுன்னஸ்கிரிய
24.04.2026

அகீலா,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. அன்பு என்று எழுத எனக்கு இனி முகமில்லை.

உன் கடிதம் வருடப் பிறப்புக்கு அடுத்த நாள் வந்தது. கிணற்றடியில் நின்று படித்தேன். படித்து முடித்ததும் வாளியை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கணேஸ் வந்து, யாராவது செத்துப்போனார்களா என்று கேட்டார்.

நீ சத்தியக்கடதாசி முடித்த அதே வாரத்தில் நானும் ஒன்று செய்திருந்தேன். உனக்கு அந்தக் கோபக் கடிதத்தை எழுதிய பிறகு வீட்டில் ஒன்றுமில்லை. மழையில் கணேசுக்கு வேலை நின்றது. நிலூஷாவின் டியூஷன் வகுப்பை நிறுத்தலாமா என்று மாமா கேட்டார். நான் மிஸ்ஸிடம் போய், வீட்டில் நடந்த காயம் என்று சொல்லிவிட்டேன். கிராம சேவகர் வந்தார். எப்படி நடந்தது என்று கேட்டார். என் கண்ணில் முதலில் பட்டது அந்தக் குக்கர்தான். "குக்கர் மூடி தெறிச்சி வெட்டிருச்சிங்க ஐயா" என்றேன். அவர் குக்கரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அதன் அடியில் கம்பனிப் பெயர் இருந்தது. அப்படியே எழுதிக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்டேன்.

அது கோபத்தில் செய்தது. அதைக்கூட நீ மன்னித்துவிடுவாய். அடுத்ததைக் கேள்.

போன திங்கட்கிழமை கந்தோரிலிருந்து கூப்பிட்டார்கள். மிஸ் இரண்டு கடதாசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். ஒன்று உன்னுடையது, மற்றது என் குக்கர். "நங்கி, இதுல எது உண்மை?" என்று கேட்டார். பிறகு அவரே பொறுமையாக விளக்கினார். உன்னுடையது உண்மை என்றால் அதைக் கொழும்புக்கு விசாரணைக்கு அனுப்ப வேண்டும். கம்பனி முதலாளியைத் தேட வேண்டும், அவர் எந்த நாட்டில் என்றே தெரியாது. எந்த வருடம் முடியும் என்று அவரால் சொல்ல முடியாது. நான் ஏன் கிராம சேவகரிடம் பொய் சொன்னேன் என்றும் கேட்பார்கள், அது முடியும்வரை ஒரு உதவியும் கிடையாது. குக்கர் உண்மை என்றால் அன்றைக்கே முத்திரை குத்தித் தருவார்.

நிலூஷா வாங்குப் பலகையில் உட்கார்ந்து கணக்குச் செய்துகொண்டிருந்தாள். நீ தைத்துக் கொடுத்த சல்வாரைத்தான் உடுத்தியிருந்தாள். கணேஸ் வாசலில் நின்றார். நான் அவரைப் பார்த்தேன், அவர் நிலத்தைப் பார்த்தார்.

நான் குக்கர் கடதாசியைத் தொட்டேன். அந்த மடங்காத விரலால்தான் தொட்டேன்.

"அப்ப இந்த அகீலா நோனா எழுதியிருக்கிறது பொய்யா?" என்று மிஸ் கேட்டார்.

"ஆமா மிஸ்" என்றேன்.

உன் கடதாசியின் மேல் குறுக்கே கோடு போட்டு எதையோ எழுதிக் கோப்புக்குள் வைத்தார். அப்போது உன் கடிதம் என் சட்டைக்குள் இருந்தது அகீலா. படிக்காமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை. உன் வேலை போனது தெரியும், அண்ணன் மூட்டை தூக்குவது தெரியும், கலாராணியைத் தெரியும். எல்லாம் தெரிந்துகொண்டுதான் உன்னைப் பொய்க்காரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இந்த மாதக் கொடுப்பனவு வந்துவிட்டது. அந்தக் குக்கரை அலுமாரிக்கு மேலே தூக்கி வைக்கச் சொல்லிவிட்டேன். சட்டியில்தான் பருப்பு அவிக்கிறேன்.

நீ என்னை ஏச வேண்டும். நன்றாக ஏசி ஒரு கடிதம் போடு. போடாவிட்டாலும் விளங்கிக்கொள்வேன்.

பிரேமிளா


கலகெதர
06.05.2026

பிரேமிக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. கோபமில்லை என்று எழுதிவிடலாம் என்று பேனையை எடுத்தேன். அப்படி எழுதினால் அது இன்னொரு காய்ச்சல். கோபம் இருக்கிறது. நிறைய இருக்கிறது. 'ஆமா மிஸ்' என்று நீ சொன்ன இடத்தைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இவரிடம் காட்டவும் இல்லை. காட்டினால் உன்னை ஏசிவிடுவார், அதையும் என்னால் கேட்க முடியாது.

உன் இடத்தில் நான் இருந்தால் எந்தக் கடதாசியைத் தொட்டிருப்பேன் என்று யோசித்தேன். மார்ச் மாதம் நான் உனக்கு எழுதிய கடிதம் ஞாபகம் வந்தது. அதற்கு மேல் யோசிக்கவில்லை.

எனக்கு வேறு வேலை கிடைக்கவில்லை. வீட்டில் இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுக்கிறேன். மதினியும் சேர்ந்து பிழிகிறா. ஹஜ் பெருநாள் வரை உன் மேல் கோபமாக இருப்பேன். அதுவரை எழுதாதே, என்னைத் தேடியும் வராதே. பெருநாள் கழிந்து நானே ஹுன்னஸ்கிரிய பஸ்ஸில் ஏறி வருவேன். அந்தக் குக்கரை இறக்கிக் கழுவி வை. சட்டியில் அவித்த பருப்பை நான் தின்னமாட்டேன். மூடியை நான் பூட்டுகிறேன்.

ஒரு விஷயம் மட்டும் அதுவரை பொறுக்க முடியாமல் இப்போதே எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை கலாராணி அவளுடைய அம்மாவைக் கூட்டிக்கொண்டு என்னைத் தேடி வந்தாள். புசல்லாவையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்கள். கட்டுப் பிரித்துவிட்டார்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரியில் உள் நரம்பைத் தேடித் தைத்ததால்தான் தப்பியது, ஒரு நாள் பிந்தியிருந்தாலும் கஷ்டம் என்று டாக்டர் சொன்னாராம். "மிஸ், இங்க பாருங்க" என்று கையை என் முன்னால் நீட்டினாள். பல்லைக் கடித்துக்கொண்டு, நோவோடு, மெதுவாக மடக்கினாள். முழுதாக இல்லை, பாதிதான்.

மடங்குகிறது பிரேமி. அந்தப் பிள்ளையின் விரல் மடங்குகிறது. இதை உன்னிடம் சொல்லாமல் நான் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

அகீலா